ஏழாவது வீட்டு அரிசி

தமிழ்க் கடையில் கற்பூரமும் தீப்பெட்டியும் வாங்கப் போனபோதுதான் காசு கட்டும் கருவி நிரோஜினியிடம் முதன்முதலாகக் கேள்வி கேட்டது. அட்டையைத் தட்டினால் வழக்கமாக ஒரு பச்சை இலை வரும், நன்றி என்று எழுத்து வரும், போய்விடலாம். அன்று இலை வரவில்லை. "ஆரபி இன்று சாப்பிட்டாளா?" என்று நோர்வே மொழியில் எழுதிக் காட்டிவிட்டு, ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்களை வைத்துக்கொண்டு காத்திருந்தது.

ஆரபி அவளுடைய மகள். ஆறு முடிந்து ஏழை எட்டிப் பிடிக்கப் போகிறவள். தன் பிள்ளையின் பெயரை ஒரு கடைக் கருவி சொல்லும் என்று நிரோஜினி கனவிலும் நினைத்ததில்லை. கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"எல்லாரிட்டையும் கேக்குதாம் தங்கச்சி. ஓம் எண்டு அமத்திப்போட்டுப் போங்கோ."

அமத்தினாள். பொய்யில்லையே, பிள்ளை காலையில் பொங்கல் சாப்பிட்டாள்தானே. ஆனால் கருவி விடவில்லை. எங்கே என்று கேட்டது. வீடு, பள்ளிக்கூடம், உணவகம், வேறு. கோவில் என்று ஒரு பொத்தான் இல்லை. அவள் 'வேறு' என்பதை அமத்திவிட்டு, கற்பூரப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

ஹெல்விக் என்ற அந்த ஊர் நோர்வேயின் மேற்குக் கரையில் இருந்தது. ஒரு மீன் தொழிற்சாலை, ஒரு தேவாலயம், மீன் வெட்ட வந்த யாழ்ப்பாணத்துச் சனம் கட்டிய ஒரு முத்துமாரி அம்மன் கோவில். அவ்வளவுதான் ஊர். நாட்டில் தாளும் சில்லறையும் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஐயர் நீட்டுகிற தீபத் தட்டிலேயே ஒரு தட்டுக் கருவி ஒட்டியிருந்தது என்றால் மற்றதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் ஒற்றிக்கொண்ட கையாலேயே அட்டையையும் ஒற்றிவிட்டுப் போவார்கள்.

அந்த வசந்தத்தில்தான் 'பரிவு' வந்தது. பிள்ளையுள்ள வீடுகளின் அட்டைச் செலவைப் பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறதா என்று தானாகவே கணித்துக்கொள்ளும் ஏற்பாடு. அதை எதிர்த்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறப்பானேன், கேட்டு வாங்கியதே நம்மவர்கள்தானே. முன்பு அதிகாரிகள் வீட்டுக்கு வருவார்கள், கையால் சோறு ஊட்டுவதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள், என்னவோ எழுதிக்கொண்டு போவார்கள். கறுத்த தோலைப் பார்க்காத அதிகாரி வேண்டும் என்று தமிழ்ச் சங்கம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது. அப்படியே ஒன்று கிடைத்தது. அது தோலைப் பார்க்கவில்லை. செலவை மட்டும்தான் பார்த்தது.

நிரோஜினியின் அந்த மாதச் செலவில் பிள்ளைக்கான சாப்பாடு இல்லை. அதற்குக் காரணம் ஒரு நேர்த்திக்கடன்.

ஆரபி குறைமாதத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையளவு கிடந்தபோது நிரோஜினி மருத்துவமனைக் கழிப்பறையில் முழந்தாளிட்டு முத்துமாரியிடம் கேட்டாள். தாயே, பிள்ளை பிழைத்தால், ஏழு வயதுவரை உன் திருவிழா நாளெல்லாம் அவளுக்குப் பிச்சைச் சோறுதான். என் காசில் ஒரு பருக்கை அவள் வாயில் படாது. அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். நிரோஜினியும் ஆண்டுதோறும் தவறாமல் செய்துவந்தாள். கொடியேறும் நாளில் மஞ்சள் சேலை கட்டி, முந்தானையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஏழு வீட்டு வாசலில் மடிப்பிச்சை கேட்பாள். அந்த அரிசியை மடப்பள்ளியில் கொடுப்பாள். திருவிழா முடியும்வரை ஆரபிக்கு மூன்று வேளையும் கோவில் அன்னதானம். இந்த ஆண்டோடு நேர்த்தி நிறைவு.

இந்த ஆண்டு ஏழாவது வீட்டுக்காரர் விடுமுறைக்குப் போய்விட்டார். ஆறோடு நிறுத்தினால் மனம் கேட்குமா? பக்கத்து வாசலில் இங்கர் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள், தனி ஆள், ஆரபி என்றால் உயிர். நிரோஜினி அவள் கதவைத் தட்டி, சேலையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"இதற்குக் காரணம் கேட்கக் கூடாது," என்று நோர்வே மொழியில் சொல்லிக்கொடுத்தாள். "இரண்டு கையாலும் அரிசி போட வேண்டும். அவ்வளவுதான்."

இங்கர் வீட்டில் அரிசி இருக்கவில்லை. ஒரு நிமிடம் என்று சொல்லிக் கீழே ஓடி, கடையில் ஒரு பை வாங்கிவந்து, சிறுபிள்ளை போல் சிரித்துக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். மிச்சப் பையைத் தன் அலுமாரியில் வைத்தாள். கடையில் கருவி அவளிடம் இது யாருக்கு என்று கேட்டதாம். பக்கத்து வீட்டுக்கு, அன்பளிப்பு என்று அமத்தியிருக்கிறாள். என்ன காரணம் என்று கேட்டதாம். பிறந்தநாள், பண்டிகை, தேவை. கேட்டு வாங்கினாளே, அப்படியென்றால் தேவைதானே என்று நல்ல மனதோடு அதை அமத்தியிருக்கிறாள் அந்தப் புண்ணியவதி.

கற்பூரம் வாங்கிய மறுநாளே சில்யே வந்தாள். பிள்ளை நலப் பிரிவின் இளம் அதிகாரி. வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மென்மையாகப் பேசினாள். அந்த மென்மைதான் நிரோஜினியைப் பயமுறுத்தியது.

"ஆரபி கடைசியாக எப்போது சாப்பிட்டாள்?"

"இப்போதுதான். கோவிலில். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, பாயசம்."

"எவ்வளவு?"

"இரண்டு அகப்பை."

"நான் கேட்டது, எவ்வளவு செலுத்தினீர்கள் என்று."

"செலுத்துவதா? அது அன்னதானம். யாரும் செலுத்துவதில்லை."

சில்யே கையிலிருந்த கணினிப் பலகையைப் பார்த்தாள். "கோவில் மூட்டை மூட்டையாக அரிசி வாங்குகிறது. ஆனால் யாருக்கும் விற்கவில்லை. பதிவின்படி அவ்வளவு அரிசியையும் உங்கள் தெய்வம்தான் சாப்பிடுகிறது." அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. "காசு நகராத இடத்தில் நடப்பது எங்களுக்குத் தெரியாது, நிரோஜினி. தெரிவதெல்லாம் இதுதான். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. இரண்டு வருடமாக ஒரே அளவுச் சப்பாத்து. கொஞ்ச நாளாக வீட்டில் உணவே வாங்கவில்லை. தாய் பக்கத்து வீட்டில் அரிசி கேட்டு வாங்கியிருக்கிறார், தேவையின் காரணமாக."

நிரோஜினி நேர்த்தியைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். கண்ணாடிப் பெட்டியைச் சொன்னாள். சில்யே முழுவதையும் கேட்டாள். அவள் கண் கலங்கியதையும் நிரோஜினி பார்த்தாள்.

"நான் நம்புகிறேன்," என்றாள் சில்யே. "ஆனால் நான் நம்புவதை எங்கேயும் பதிய முடியாது. முன்பு நாங்கள் ஆள் பார்த்து முடிவெடுத்தோம், தவறு செய்தோம். அதனால்தான் முடிவை எங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பரிவு சொல்வதைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் இப்போது என் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் கணிப்பு ஏறாவிட்டால் ஆரபியை வேறு வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள்."

"என் காசில் நான் கொடுக்க முடியாது. சத்தியம் செய்திருக்கிறேன்."

சில்யே உதவத்தான் நினைத்தாள், அதில் சந்தேகமில்லை. "யார் வாங்கினாலும் பரவாயில்லை. ஆரபியின் பெயரில் சாப்பாடு போவது தெரிந்தால் போதும். இந்தக் கவனிப்பு தானாக மூடிக்கொள்ளும்."

அவள் போனதும் நிரோஜினி கணவனை அழைத்தாள். சயந்தன் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் வேலை செய்தான். கரைக்கு வர இன்னும் மூன்று கிழமை இருந்தது.

"உமக்கென்ன விசரே?" என்றான் அவன். "கடையில ஒரு பாணை வாங்கிச் சாப்பிடக் குடும். பிரச்சினை முடிஞ்சுது."

"உங்களுக்கு அவள் பெட்டிக்குள்ள கிடந்தது மறந்து போச்சு."

"மறக்கேல்லை நிரோ. மறக்காதபடியாத்தான் சொல்லுறன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போட்டாங்கள் எண்டா அம்மனோ வந்து மீட்டுத் தருவா?"

"நான் சத்தியத்தை முறிச்சு, நாளைக்கு அவளுக்கு ஒண்டு எண்டால்? ஆர் பொறுப்பு? நீங்களோ?"

அவன் பக்கம் அலை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவனுக்கும் பயம்தான் என்று அவளுக்கு விளங்கியது. ஒரு பக்கம் அரசாங்கம், ஒரு பக்கம் அம்மன், நடுவில் ஆறு வயதுப் பிள்ளை. எந்தப் பக்கம் காலை வைத்தாலும் பள்ளம்.

அன்று மாலை மடப்பள்ளிக்குப் போனாள். குகதாசன் அண்ணை வாளியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். மீன் தொழிற்சாலையில் பகல் வேலை, மிச்ச நேரமெல்லாம் கோவில் அடுப்படி. அன்னதானம் அவர் பொறுப்பு.

"அண்ணை, ஆரபியின்ர சாப்பாட்டுக்கு நீங்கள் காசு எடுக்கவேணும்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "என்ன பிள்ளை கதைக்கிறாய்? சோத்துக்குக் காசு வாங்கினா அது அன்னதானமில்லை, கடை."

"ஒரு குரோனர் போதும். ஒரு தட்டுக்கு மட்டும்."

"ஒரு தட்டில துவங்கினா ஒரு தட்டிலயோ நிக்கும்? அகப்பை பிடிச்ச கையால நான் இண்டைக்கு வரைக்கும் காசு வாங்கினதில்லை. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

நிரோஜினி என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. கை தானாகப் போய் முந்தானையைப் பிடித்தது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். "அண்ணை, பிள்ளையைக் கொண்டுபோகப் போறாங்கள். எனக்குச் சோறு போடவேண்டாம். காசை எடுங்கோ. அதைத்தான் பிச்சையாக் கேக்கிறன்."

குகதாசன் அண்ணை அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஐயரின் தட்டிலிருந்த கருவியைக் கழற்றி வந்து பந்தி மூலையில் வைத்தார். "ஆர் தட்டுறது? நீ தட்டினா உன்ர நேர்த்தி என்னாகிறது?"

அதற்கு அவளிடம் விடை இருந்தது. வழியெல்லாம் அதை நினைத்துத்தான் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தாள். ஏழாவது வீடு ஏற்கெனவே பிச்சை போட்ட வீடு. மறுபடியும் போடச் சொன்னால் நேர்த்தியும் முறியாது, பதிவும் நிறையும். யார் வாங்கினாலும் பரவாயில்லை என்று அதிகாரியே சொல்லிவிட்டாளே.

இங்கர் மறுவார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து மூன்று வேளையும் கோவிலுக்கு வந்தாள். சம்மணம் கட்டி உட்காரத் தெரியாமல் காலை அப்படியும் இப்படியும் மடக்கி, கடைசியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். ஆரபியின் தட்டுக்குத் தன் அட்டையைத் தட்டுவாள், பச்சை இலை வரும், ஆரபி கைதட்டுவாள். அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போடுவது எப்படி என்று ஆரபி அவளுக்குக் காட்டிக்கொடுத்தாள். அதோடு இங்கர் நிற்கவில்லை. காலையில் பால், தயிர், வாழைப்பழம் என்று ஆரபியின் பெயரில் வாங்கிக்கொண்டு வந்தாள். வளர்கிற பிள்ளைக்குப் புதுச் சப்பாத்து வேண்டும் என்று அளவு கூடிய சப்பாத்தும் வாங்கினாள். வேண்டாம் என்று சொல்ல நிரோஜினிக்கு மனம் வரவில்லை. திருவிழா நாளில் பிறர் கொடுப்பதை மறுக்கக் கூடாது அல்லவா. அவள் தன் அட்டையைத் தொடவே இல்லை. தொட்டால் எங்கே தவறிப் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிவிடுவோமோ என்று பயந்து, அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை தீர்த்தத் திருவிழா. காலையில் கைபேசியில் பச்சை இலை வந்தது. "ஆரபி நலமாக இருக்கிறாள். கவனிப்பு மூடப்பட்டது." நிரோஜினி படத்துக்கு முன்னால் விழுந்து அழுதாள், பின்னால் இருந்த அட்டையை எடுத்துக்கொண்டாள். குகதாசன் அண்ணைக்குச் சொன்னாள், சயந்தனுக்குச் சொன்னாள். தீர்த்தம் ஆடி, கொடி இறக்கி, நேர்த்தி நிறைவாகிவிட்டது. இனி தன் கையால், தன் காசில், மகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம். ஐஸ்கிறீம் வேண்டும் என்றாள் ஆரபி. இரண்டு பேரும் கோவிலிலிருந்து நேரே பஸ் ஏறினார்கள்.

தன் கட்டணத்தைத் தட்டினாள், இலை வந்தது. பிள்ளைக் கட்டணத்தைத் தட்டினாள். இலை வரவில்லை.

"ஆரபியின் பராமரிப்பாளர் மாற்றப்பட்டுள்ளார். இந்தச் செலவை நீங்கள் இனி ஏற்க வேண்டியதில்லை. இதுவரை செய்த உதவிக்கு நன்றி."

அவள் மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே நன்றி. பின்னால் நின்றவர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி, வீடுவரை ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

சில்யே படிக்கட்டில் காத்துக்கொண்டிருந்தாள். அவளோடு இரண்டு பேர் நின்றார்கள். இந்த முறை யாரும் சப்பாத்தைக் கழற்றவில்லை.

"மூடிக்கொள்ளும் என்று சொன்னீர்களே," என்றாள் நிரோஜினி.

"மூடிக்கொண்டது." சில்யே அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆபத்து நீங்கிவிட்டது. நீங்கியதும், நீக்கியது யார் என்று பரிவு பார்த்தது. சாப்பாடு, பால், சப்பாத்து எல்லாம் ஒரே அட்டையிலிருந்து வந்திருக்கிறது. உங்கள் அட்டையிலிருந்து ஒன்றுமில்லை. பக்கத்து வீடு, நிலையான வருமானம், பிள்ளைக்குப் பழக்கமான ஆள். இதைவிடப் பொருத்தமான இடம் அதற்குக் கிடைக்காது. நான் இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. என்னை நம்புங்கள்."

"நான் முறையிடுவேன்."

"முறையிடலாம். பிள்ளைக்காக நீங்கள் செலவு செய்துவருவதைக் காட்ட வேண்டும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கும் அது உறைத்தது. நிரோஜினியின் அட்டையால் இனி ஆரபிக்கு ஒரு மிட்டாய்கூட வாங்க முடியாது.

பக்கத்துக் கதவு திறந்தது. இங்கர் பேயறைந்தவள் போல் நின்றாள். "நான் மறுத்தேன்," என்றாள். "நான் மறுத்தால் அவளை வேறு ஊருக்குக் கொண்டுபோவார்களாம். அதனால்தான் சரி என்றேன். உனக்காகத்தான் சரி என்றேன்."

ஆரபிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கர் வீட்டுக்குப் போவது அவளுக்குப் புதிதா என்ன. புதுச் சப்பாத்தோடு குதித்துக் குதித்துப் போனாள். "அம்மா, நான் கெதியா வந்திடுவன்," என்று கதவு மூடும்போது சொன்னாள்.

"பார்க்கலாம், பேசலாம்," என்றாள் சில்யே படியில் இறங்கும்போது. "ஆனால் சாப்பாடு மட்டும் கொடுக்காதீர்கள். பதிவு குழம்பிவிடும்."

இரவாகியும் கோடைக்கால வெளிச்சம் வீடு முழுக்க அப்படியே கிடந்தது. நிரோஜினி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. ஆரபி ஏதோ சொல்லிச் சிரித்தாள். பிறகு, அம்மா எங்கே, அம்மா ஏன் சாப்பிட வரவில்லை என்று நோர்வே மொழியில் கேட்டாள். பிறகு அழத் தொடங்கினாள். ஊட்டினால்தான் இறங்கும் பிள்ளை அது. இங்கருக்கு ஊட்டத் தெரியாது.

நிரோஜினி எழுந்தாள். காலையில் தீர்த்தத்துக்குக் கட்டிய மஞ்சள் சேலை இன்னும் உடம்பில் இருந்தது. வெளியே வந்து பக்கத்துக் கதவைத் தட்டினாள். பிள்ளையைத் தா என்று கேட்கச் சொல் வரவில்லை, எந்த மொழியிலும் வரவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

இங்கர் திறந்தாள். அழுது வீங்கிய கண்ணால் அவளைப் பார்த்தாள், ஏந்திய சேலையைப் பார்த்தாள். காரணம் கேட்கக் கூடாது என்பது அவளுக்கு நினைவிருந்தது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அந்த மிச்ச அரிசிப் பை இருந்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள், ஒரு மணிகூடச் சிந்தாமல், பை வெறுமையாகும்வரை போட்டாள். நிரோஜினி மடியை மூடாமல் அங்கேயே நின்றாள்.